கைக்கு வேலை இருக்கும்போது காதுக்கு என்ன?

பாட்காஸ்ட் பற்றிக் கேட்க நினைப்பதை அனுப்புங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்களிலிருந்து கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், ராமநாதபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். அந்த பஸ்ஸில்தான் இந்தப் பழக்கம் வளர்ந்தது.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு பெரியவர்: இலங்கை வானொலியும் பிபிசி தமிழோசையும் கேட்டு வளர்ந்தவன் நான். என் பேரன் பாட்காஸ்ட் என்கிறான். ரேடியோவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ஏற்றது ஏதாவது உண்டா?

ஐயா, ரேடியோவில் ஒன்பது மணி நிகழ்ச்சியைக் கேட்க ஒன்பது மணிக்கு உட்கார வேண்டும். பாட்காஸ்ட் என்பது பதிவு செய்து வைத்த நிகழ்ச்சி. போனில் இறக்கி வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். உங்களுக்குப் புதிதாகப் பழக ஒன்றும் இல்லை.

தமிழோசை 1941-ல் தொடங்கி 2017-ல் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. அந்த நிதானமான செய்திக் குரலைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ். செய்தி, நேர்காணல், விளக்கம் எல்லாம் தனித்தனித் துண்டுகளாக வருகின்றன. ஈழத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் கலந்து கேட்கும். இலங்கை வானொலி கேட்ட காதுக்கு அது சொந்த வீட்டுக் குரலாகவே இருக்கும். பேரனிடம் தேடித் தரச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம்: மீன்பிடித் தடைக்காலத்தில் நாள் முழுக்க வலை வேலைதான். பாட்டுக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எதைக் கேட்கலாம்?

அண்ணே, வந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பாட்காஸ்ட் கேட்க இதைவிட நல்ல காலம் யாருக்கும் வாய்க்காது.

ஒரு நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த நேரத்தில் கை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வலை வேலையிலேயே இரண்டு விதம் உண்டு. கிழிந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு ஓரத்தில் கண்ணி எண்ணும்போது கதை காதில் ஏறாது. எண்ணிக்கை ஒன்று தவறினால் அந்த வரிசை முழுக்கக் கோணிக்கொண்டு போகும். அந்த நேரத்துக்குப் பாட்டோ, இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சியோ போதும், கவனம் விட்டுப்போனாலும் நஷ்டமில்லை. எண்ணி முடித்து வலை ஊசி தன் பாட்டில் போய்வர ஆரம்பித்துவிட்டால் மனசு காலி. அப்போது கதையைப் போடுங்கள்.

தமிழில் கதைக்குத் தீபிகா அருண் நடத்தும் 'கதை ஓசை'. நாவல்களையும் சிறுகதைகளையும் அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கிறார். பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாறும், ஆனால் நாடகமாக ஓங்கிக் கத்துவதில்லை. பெரிய நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டால் தடைக்காலம் முடிவதற்குள் முடித்துவிடலாம். நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் ஆளுக்கொரு இயர்போன் வேண்டாம். நடுவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வையுங்கள். கதையைக் கேட்டுவிட்டு அதைப் பற்றிச் சண்டை போடுவதும் கேட்பதில் ஒரு பகுதிதான்.

பாம்பன்: நாட்டுப்படகில் போகிறேன். கரையை விட்டுக் கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடுகிறது. டேட்டாவும் நிற்பதில்லை. கடலில் கேட்க வழி என்ன?

தம்பி, கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆன்ட்ராய்டு போனாக இருந்தால் ஆன்டெனாபாட் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். காசு கிடையாது, செயலி தன் பங்குக்கு விளம்பரம் போடுவதும் கிடையாது. வைஃபை கிடைக்கும்போது மட்டும் இறக்கு, கேட்டு முடித்ததும் அழித்துவிடு என்று இரண்டு அமைப்பு அதில் உண்டு. இரண்டையும் போட்டுவிட்டால் போன் நிரம்பாது. பழைய கூகுள் பாட்காஸ்ட் செயலியைத் தேடாதீர்கள், 2024-லேயே மூடிவிட்டார்கள்.

டேட்டாவுக்குப் பயப்பட வேண்டாம். பேச்சு நிகழ்ச்சி 64 கேபிபிஎஸ் தரத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 எம்பி. அதுவே 128 ஆனால் இரண்டு மடங்கு. வீடியோவாகப் பார்ப்பதோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைச்சல்.

உங்கள் ஊரிலேயே கடல் ஓசை 90.4 இருக்கிறது. மீனவர்களுக்கென்று 2016-ல் தொடங்கிய சமூக வானொலி. சமூக வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கும் திறன் 100 வாட்தான், அதனால் வெகு தூரம் எட்டாது. எட்டுகிற வரைக்கும் முதலில் அதைக் கேளுங்கள். காற்று, அலை பற்றிய எச்சரிக்கையை நேற்று இறக்கி வைத்த பாட்காஸ்ட் சொல்லாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடலில் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மறு காது இன்ஜினுக்கும் வாக்கிடாக்கிக்கும். ஆபத்தில் கூப்பிடுகிற விஎச்எஃப் சேனல் 16-ல் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும். வலை இழுக்கும்போது காதில் எதுவும் இருக்கக் கூடாது, அதிலும் வயர் வைத்த இயர்போன் கூடவே கூடாது. கயிறு ஓடுகிற இடத்தில் தொங்குகிற வயர் ஆபத்து. போகும்போதும் திரும்பும்போதும் கேட்க நேரம் இருக்கிறது, அது போதும்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: கொலை வழக்கு நிகழ்ச்சிகள் மட்டுமே கேட்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் விட முடியவில்லை.

அந்த ஈர்ப்பு உங்களுக்கு மட்டும் இல்லை, உலகமே அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தது. 2014-ல் வந்த 'சீரியல்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியின் முதல் பருவம் 12 பகுதிகள். 1999-ல் பால்டிமோரில் கொலையான பள்ளி மாணவி ஒருத்தியின் வழக்கு. பாட்காஸ்ட் என்ற சொல்லையே அதற்கு முன் கேள்விப்படாத பலரும் அதைக் கேட்டார்கள். நன்றாகச் செய்யப்பட்ட நிகழ்ச்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததையும் பாருங்கள். தண்டனை பெற்றவரின் தீர்ப்பு 2022-ல் ரத்தாகி வெளியே வந்தார். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது. 2025-ல் சிறையில் இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. கேட்டவர்களில் எத்தனையோ பேர் அதற்கெல்லாம் முன்பே ஆளுக்கொரு முடிவுக்கு வந்திருந்தார்கள். செத்துப்போன பெண்ணின் குடும்பம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எல்லாவற்றையும் அனுபவித்தது. இறந்தவரை ஒரு ஆளாக மதிக்கிற நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொலை எப்படி நடந்தது என்பதை ருசித்து ருசித்துச் சொல்கிறதைத் தூக்கிப் போடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் இந்த வகையே வேண்டாம். பகலில் பஸ்ஸில் கேளுங்கள்.

சாயல்குடி: டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். உதவுமா?

உதவும், ஆனால் புத்தகத்துக்குப் பதிலாக அல்ல. ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் தமிழ்ச் செய்தியறிக்கை கிடைக்கிறது. தினமும் ஒன்று கேட்டுவிட்டு, நினைவில் நின்றதை ஐந்து வரியில் எழுதுங்கள். எழுதாமல் கேட்டது சாயங்காலத்துக்குள் போய்விடும். ஆங்கிலத்துக்கு பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்'. இரண்டு பேர் ஒரு விஷயத்தை மெதுவாகப் பேசுவார்கள், பேசியது முழுவதும் எழுத்தாகவும் அவர்கள் தளத்தில் இருக்கும். முதல் முறை எழுத்தைப் பார்க்காமல், இரண்டாம் முறை பார்த்து.

உச்சிப்புளி: இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டால் நேரம் மிச்சம்தானே?

செய்தியை 1.25-ல் கேட்கலாம். கதையையும் நேர்காணலையும் இயல்பான வேகத்தில்தான் கேட்க வேண்டும். ஒரு பெரியவர் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் நிறுத்துகிற அந்த நொடியை வெட்டிவிட்டால் பதிலில் பாதி போய்விடும்.

பெரியபட்டினம்: என் மகன் எந்நேரமும் கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் இயர்போனோடுதான் இருக்கிறான். காது கெட்டுவிடுமா?

அம்மா, எவ்வளவு சத்தம், எத்தனை நேரம் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். சிறுவர்களுக்கு அதே 40 மணிக்கு 75 டெசிபல். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். பஸ் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றும்போதுதான் கெடுதல் நடக்கிறது. பக்கத்தில் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் குறைக்கச் சொல்லுங்கள். காதில் இரைச்சல் இருக்கிறது என்று அவன் சொன்னால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மண்டபம்: அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்?

காலை பஸ்ஸில் 'இன் அவர் டைம்'. பிபிசி ரேடியோ 4-ல் 1998-ல் தொடங்கியது. மெல்வின் பிராக் 2025 வரை நடத்தினார். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். ஒரு வாரம் கருந்துளை, மறுவாரம் ஏதோ ஒரு பழைய பேரரசு. ஆயிரம் பகுதிக்கு மேல் இருக்கிறது. பேராசிரியர் சுற்றி வளைத்தால் பிராக் குறுக்கே வந்து, விஷயத்துக்கு வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு வருவார். கேட்கிறவன் பக்கம் நிற்கிற ஆள். ஆங்கிலம் முதலில் கடினமாக இருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த தலைப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

கணக்கு எழுதும்போது பேச்சு எதுவும் கேட்பதில்லை, எண் தப்பும். மாலையில் '99% இன்விசிபிள்'. நாம் கவனிக்காமல் கடந்துபோகும் பொருள்கள், கட்டடங்கள் பற்றியது. 1914-ல் கட்டிய பாம்பன் பாலம் ஏன் நடுவில் இரண்டாகப் பிரிந்து திறந்தது, 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் ஏன் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறுகிறது என்றெல்லாம் யோசிக்கிற ஆளாக இருந்தால் இதை விட மாட்டீர்கள்.

இசைக்கு 'சாங் எக்ஸ்ப்ளோடர்'. ஒரு பாட்டைச் செய்தவரே வந்து, டிரம் தனியாக, குரல் தனியாக ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவார். கடைசியில் முழுப் பாட்டு. நடத்துகிற ரிஷிகேஷ் ஹிர்வே தன் கேள்விகளைப் பெரும்பாலும் வெட்டிவிடுவதால் கலைஞரின் குரல்தான் நம்மோடு பேசும். ஞாயிற்றுக்கிழமைக்கு அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்'. சில பகுதிகள் ஐந்து மணி நேரத்தையும் தாண்டும். ஒரு மனிதரின் வாழ்க்கையை அவசரப்படாமல் கேட்பது அபூர்வமாகக் கிடைப்பது.

தமிழில் இந்த அளவு பொறுமையோடு, நம் கடற்கரையைப் பற்றி ஒரு தொடர் வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. அடுத்த கேள்வியைப் பார்த்ததும் அதனால்தான் சந்தோஷப்பட்டேன்.

ராமேஸ்வரம்: என் அப்பத்தா சிறுமியாக இருந்தபோது தனுஷ்கோடியில் இருந்தவர். புயலைப் பற்றி அவர் சொல்வதைப் பதிவு செய்யலாமா? எப்படி?

செய்யுங்கள், இந்த மாதமே செய்யுங்கள். 1964 டிசம்பர் 22 இரவைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இன்றைக்கு எல்லோரும் வயதானவர்கள்.

கருவி எதுவும் வாங்க வேண்டாம், உங்கள் போன் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வாசலில் உட்கார வைக்காதீர்கள், வாடைக்காற்று மைக்கில் அடித்தால் அப்புறம் எதையும் சரிசெய்ய முடியாது. துணிமணி, பாய், தலையணை இருக்கிற உள் அறை நல்லது, எதிரொலிக்காது. ஃபேனை நிறுத்த வேண்டும். புழுக்கமாக இருக்கும், ஆகவே பத்துப் பத்து நிமிஷமாக எடுங்கள். போன் வாய்க்கு நேரே வேண்டாம், ஒரு சாண் தூரத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும்.

'பயமாக இருந்ததா' என்று கேட்டால் 'ஆமா' என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன சமைத்தீர்கள், யார் யார் இருந்தார்கள், தண்ணீர் முதலில் எந்தப் பக்கமாக வந்தது என்று கேளுங்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் இருங்கள். அழுதால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் போங்கள். அவர் மொழியைத் திருத்தாதீர்கள். கடற்கரைப் பேச்சில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இருக்கிற சொற்கள் அந்தப் பதிவில்தான் பிழைத்திருக்கும்.

பதிவை இரண்டு இடத்தில் சேமியுங்கள். வெளியே போடுவதென்றால் முழுவதையும் அவருக்குப் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள், இறந்துபோனவர்களின் பெயர் வருகிற இடத்தில் அந்தக் குடும்பங்களிடமும். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸில் காசில்லாமல் ஏற்றலாம். திருத்துவதற்குக் கை தேவைப்பட்டால் எனக்கு எழுதுங்கள், வேலை முடிந்து வந்து உட்காருகிறேன்.

கீழக்கரை: மாப்பிள்ளை சவுதியில். நாங்கள் இருவரும் ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்து கேட்க வழி உண்டா?

உண்டு, லாத்தா. இருவரும் ஒரே செயலியில் ஒரே நிகழ்ச்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி பத்தரை என்றால் அங்கே எட்டு, அவர் வேலை முடித்திருப்பார். நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, கேட்டு முடித்ததும் போன் போட்டுப் பேசுங்கள். நெடுந்தொடர் எடுங்கள், 'கதை ஓசை'யில் ஒரு நாவல் சரியாக இருக்கும். ஒருவர் முந்திக்கொண்டு அடுத்த அத்தியாயத்தைக் கேட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.