கருமருந்து ரிவால்வருக்குப் பொருந்தும் கேப் எது?

கேள்வி: நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் பிறந்தவன். சொல்தா குடும்பம் (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர் வழி), இப்போது பாரிஸ் அருகே வேலை பார்க்கிறேன். அங்குள்ள துப்பாக்கிச் சுடும் மன்றத்தில் சேர்ந்து, 1858 ரெமிங்டன் மாதிரியில் இத்தாலியில் செய்யப்பட்ட கருமருந்து ரிவால்வர் ஒன்று வாங்கியிருக்கிறேன். மருந்தைப் பற்றவைக்க 10ஆம் எண் கேப் போட்டால் முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில்தான் வெடிக்கிறது. 11 போட்டால் கழன்று விழுகிறது. விரலால் நசுக்கிப் போடு என்கிறார் சித்தப்பா. எந்த கேப் வாங்குவது? அடுத்த விடுமுறையில் ரிவால்வரையும் கொஞ்சம் கேப்புகளையும் ஊருக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவராதீர்கள். பிரான்சில் இத்தகைய பழைய மாதிரி ரிவால்வர்கள் கட்டுப்பாடு குறைந்த டி பிரிவில் வருவதால் 18 வயது நிரம்பியவர் எளிதாக வாங்கிவிட முடிகிறது. புதுச்சேரியில் நடப்பது 1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம். அதன் பார்வையில் சுடக்கூடிய நிலையில் உள்ள உங்கள் ரிவால்வர் உரிமம் தேவைப்படும் துப்பாக்கிதான். சுடவே முடியாத, பழுது பார்த்தாலும் பயன்படுத்த முடியாத பழம்பொருளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரிக்கு அது பொருந்தாது. கேப்புகளும் வெடிபொருளாகவே கருதப்படும். விமானத்தில் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, கேப்புக்கும் கருமருந்துக்கும் இடமில்லை. அப்பாவுக்குப் படங்களைக் காட்டுங்கள். அவர் பிரான்சுக்கு வரும்போது மன்றத்துக்கே அழைத்துச் செல்லுங்கள்.

இனி கேப்புக்கு வருவோம். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கேப் என்பது சின்னஞ்சிறு செம்புக் கிண்ணம். அதன் அடியில், உள்பக்கமாக, அடிபட்டால் வெடிக்கும் ரசாயனம் ஒட்டியிருக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்து, மருந்தும் குண்டும் நிரப்பும் ஆறு அறைகள் கொண்ட சிலிண்டரின் பின்புறமுள்ள நிப்பிள் என்னும் கூம்பின்மேல் பொருத்துகிறோம். சுத்தி விழும்போது ரசாயனம் சுத்திக்கும் நிப்பிளின் உச்சிக்கும் நடுவே நசுங்க வேண்டும். அதில் எழும் தீ நிப்பிளின் துளை வழியே அறையிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். கேப் சற்றே இறுக்கமாக இருந்தால் அதன் அடிப்பகுதி உச்சியைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். அப்போது முதல் அடியின் வேகம் கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடிதான் வெடிக்கவைக்கும். உங்கள் 10ஆம் எண் கேப்பில் நடப்பது இதுவே. சுத்தியின் வில் பலவீனம் என்று நினைத்துப் பலர் வில்லை மாற்றுகிறார்கள், வீண் செலவு.

கேப் தளர்வாக இருப்பது இதைவிட மோசம். ஓர் அறை வெடிக்கும் அதிர்ச்சியில் பக்கத்து அறையின் கேப் கழன்று சுத்திக்கும் ரிவால்வரின் உலோகச் சட்டகத்துக்கும் இடையே விழும், சிலிண்டர் சுழலாது. கேப் இல்லாத நிப்பிளின் துளை நேராக மருந்துக்குத்தான் போகிறது. பக்கத்து அறையின் தீப்பொறி அதில் புகுந்தால் அந்த அறையும் வெடிக்கலாம். அறைகள் தொடராக வெடிப்பதற்கு முன்புறம் குண்டு சரியாக இறுகாததும் காரணம் ஆகலாம் என்றாலும், பின்புறத்தைத் திறந்து வைத்துச் சுடுவதற்கு அது சமாதானம் ஆகாது.

சித்தப்பா சொன்ன வழி பல நாடுகளிலும் புழக்கத்தில் உள்ளது. தளர்வான கேப்பை லேசாக அழுத்தி முட்டை வடிவாக்கினால் அது இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். அன்றைய பயிற்சியை முடிக்க அது உதவும்; வழக்கமாக்க வேண்டாம். ஆறு கேப்பும் ஒரே மாதிரி நசுங்குவதில்லை. ரசாயனம் உள்ள பொருளை விரலிடுக்கில் நெருக்குவதும் எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் எந்த எண்? டப்பாவின் மேல் உள்ள எண்ணை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். 10, 11 ஆகியவை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகள் அல்ல. அடுத்தடுத்த எண்களின் விட்ட வேறுபாடு ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்கே வரும். அதனால் ஒரு நிறுவனத்தின் 10, இன்னொன்றின் 11 போலவே அமரக்கூடும். ரெமிங்டன் நிறுவனத்தின் 10ஆம் எண் கேப்புக்குச் சுவர் உயரம் அதிகம். சிசிஐ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 10 முழுதாக இறங்காத இத்தாலிய மாதிரிகள் பலவற்றில் இது அடிவரை இறங்கி, கூம்பையும் பிடித்துக்கொள்கிறது. ஐரோப்பியக் கடைகளில் அதிகம் கிடைப்பது ஜெர்மானிய ஆர்.டபிள்யூ.எஸ் நிறுவனத்தின் 1075. அதன் எண்ணுக்கும் 10, 11 வரிசைக்கும் தொடர்பே இல்லை.

ஆகவே முதலில் நிப்பிளை அளந்து பாருங்கள். வெர்னியர் காலிப்பரால் கூம்பின் உச்சியிலும், அதற்கு 3 மில்லிமீட்டர் கீழேயும் விட்டத்தை எடுங்கள். ஆறு நிப்பிள்களையும் அளக்க வேண்டும். புதிய ரிவால்வரிலேயே அவை ஒன்றுக்கொன்று மாறுபடுவது உண்டு. உச்சியின் விளிம்பு காளான்போல் விரிந்திருந்தால், கேப் இல்லாமலே சுத்தியைத் தட்டிப் பழகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த நிப்பிளில் சரியான கேப்பும் இறங்காது. காலி ரிவால்வரில் சுத்தியைக் கீழே விட்ட நிலையில் சுத்திக்கும் நிப்பிளுக்கும் இடையே மெல்லிய காகிதம் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இரும்பில் இரும்பு மோதுகிறது.

அடுத்தது பொருத்தம். மருந்தும் குண்டும் இல்லாமல், சுடுமிடத்தில் நின்று, குழலை இலக்குப் பக்கம் திருப்பி ஆறு கேப்புகளையும் போடுங்கள். மரக் குச்சியால் மெதுவாக அழுத்தும்போது ஒவ்வொன்றும் அடிவரை இறங்க வேண்டும். சுத்தியை வைத்து அழுத்தவே கூடாது. பிறகு சிலிண்டரைச் சுழற்றினால் எந்தக் கேப்பும் பின்பக்கச் சட்டகத்தில் உரசக் கூடாது. அதே திசையில் ரிவால்வரைப் பிடித்தபடி லேசாக அசைத்தால் ஒன்றும் விழக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, குழலின் முன்னால் தரையில் ஓர் உலர்ந்த இலையை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் இலை அசைந்தால் துளை அடைபடவில்லை, அதில் தங்கிய எண்ணெய் எரிந்துவிட்டது என்று தெரியும். உதிர்ந்த கேப்புகளையும் எடுத்துப் பாருங்கள். இதழ்போல விரிந்திருப்பது இயல்பு. பின்னர் மருந்து போட்டுச் சுடும்போது கேப் துண்டு துண்டாகச் சிதறுகிறது, சுத்தி பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்றால் நிப்பிளின் துளை தேய்ந்து அகன்றிருக்கிறது. கேப்பைக் குறை சொல்லாமல் நிப்பிளை மாற்றுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், நிப்பிளுக்கு ஏற்ற கேப்பைத் தேடிக் கடை கடையாக அலைவதைவிட, உங்கள் கடையில் எப்போதும் கிடைக்கும் கேப்புக்கு ஏற்ற ஆறு நல்ல நிப்பிள்களை வாங்கிப் போட்டுக்கொள்வதே மேல். கேப் அடிக்கடி தட்டுப்பாடு வரும் பொருள். தொழிற்சாலை நிப்பிள் அவசரத்தில் கடைந்தது. தனியாக விற்பவற்றில் கவனமாகக் கடைந்தவை உண்டு. வாங்கும்போது ரிவால்வரின் தயாரிப்பாளர், மாடல் இரண்டையும் சொல்லுங்கள். மரை சரியாக அமையாத நிப்பிளைப் பலவந்தமாகத் திருகினால் சிலிண்டரே போய்விடும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அதற்கென்று உள்ள சாவியால் மாட்டுங்கள். கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்துத் துருவாக்குவதால், கிரீஸ் இல்லாத நிப்பிள் அடுத்த வருடம் கழலாது.

ரெமிங்டன் மாதிரியை வாங்கியது நல்ல முடிவு. அதன் சட்டகம் மேலேயும் மூடியிருக்கிறது. மேல்பக்கம் திறந்த, கோல்ட் நிறுவனத்தின் பழைய மாதிரியில் உடைந்த கேப் சுத்தியின் பள்ளத்துக்குள் விழுந்து தொல்லை தருவது அதிகம். அதனால்தான் கோல்ட் வைத்திருப்பவர்கள் சுத்தியை இழுக்கும்போது குழலை மேல்நோக்கித் தூக்குகிறார்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் அவ்வளவாகத் தேவைப்படாது.

கருமருந்து ரிவால்வர்களுக்கான மரியெத் என்னும் சுடும் போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் பொருத்தத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். 25 மீட்டர் தூரம், 13 குண்டுகள், 30 நிமிடம். கேப் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது 30 விநாடி காத்திருந்த பிறகே அடுத்த அடி. நேரம் போகிறதே என்று அந்தக் காத்திருப்பைக் குறைக்காதீர்கள். தாமதமாகப் பற்றும் மருந்தும் உண்டு.

முதலில் ஒரே ஒரு டப்பா வாங்கி, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். ஆறு நிப்பிளிலும் தேறிவிட்டால், அதே நிறுவனத்தின் அதே தொகுப்பு எண் உள்ள டப்பாக்களை ஒரு பருவத்துக்குத் தேவையான அளவு சேர்த்து வாங்கி, உலர்ந்த குளிர்ந்த இடத்தில், கருமருந்திலிருந்து தனியாகப் பூட்டி வையுங்கள்.