கூட்டுச் சேர்ந்து விலை வைப்பதைச் சட்டம் தடுத்தால், கம்பெனிகள் உண்மையிலேயே போட்டி போடத் தொடங்கிவிடுமா?

எல்லா நேரமும் அப்படி நடப்பதில்லை. சில சமயம் கல்யாணமே செய்துகொண்டுவிடும்.

எங்கள் ஊரில் சாலையோரப் புளியமரங்களை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். சிறுவயதில் அப்பாவுடன் ஒருமுறை போயிருந்தேன். வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். வாய் திறந்து கேட்டவர் ஒருவர்தான். அரைமணி கழித்து டீக்கடையில் அவர்களுக்குள் இன்னோர் ஏலம் நடந்தது. அதில் அதிகம் கேட்டவருக்கு மரங்கள். கூடுதல் பணம் மற்றவர்களுக்குப் பங்கு. பத்திரிகைகள் ‘சிண்டிகேட்’ என்று எழுதுவது இதைத்தான்.

1890-களில் அமெரிக்காவில் வார்ப்பிரும்புக் குழாய் செய்த ஆறு கம்பெனிகளும் இந்த டீக்கடை வேலையைத்தான் செய்தன. ஒரு நகராட்சி டெண்டர் கோரினால், முதலில் தங்களுக்குள் ஏலம். ஆறும் பங்குபோட்டுக்கொள்ளும் கூட்டுப் பணத்துக்கு அதிகம் தர முன்வந்த கம்பெனிக்கு ஆர்டர். மற்றவை அதைவிட உயர்ந்த விலையில் ஒப்புக்கு டெண்டர் போடும். 17, 18 டாலருக்கு லாபத்தோடு அட்லாண்டாவில் கொண்டுவந்து இறக்கக்கூடிய ஒரு டன் குழாய்க்கு, அங்கே இவர்கள் கேட்டது 24.25 டாலர்.

வியாபாரத்தை முடக்கும் கூட்டுச் சதிகளைத் தடுக்கும் 1890-இன் ஷெர்மன் சட்டப்படி இது செல்லாது என்று 1898-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1899-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டன. ஆனால் 1899-இலேயே ஆறும் ஒரே கம்பெனிக்குள் போய்விட்டன! ஒரே கம்பெனி தன் விலையைத் தானே வைத்தால் அதை யார் சதி என்பது? சர்க்கரை ஆலைகள் ஏறக்குறைய முழுவதும் ஒரே கைக்குப் போனதை 1895-இல் அதே உச்ச நீதிமன்றம் விட்டுவைத்திருந்தது.

ஜெர்மனியில் கதை வேறு. கார்ட்டல் ஒப்பந்தம், அதாவது கூட்டுச் சேர்ந்து விலை வைக்கும் ஒப்பந்தம், செல்லும் என்று 1897-இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டவர் பேச்சு மாறினால் வழக்குப் போடலாம் என்னும்போது, சொந்த ஆலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இணைய என்ன அவசரம்? அந்நாளில் அமெரிக்கக் கம்பெனிகள் அலையலையாக ஒன்றோடொன்று இணைந்ததற்குச் சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், பங்குச் சந்தைப் பணத்துக்கும் அதில் பங்குண்டு. குழாய் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு 1914-இல் அமெரிக்காவில், போட்டியைக் குலைக்கும் வகையில் இன்னொரு கம்பெனியின் பங்குகளை வாங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பங்கை விட்டுவிட்டு ஆலையையே வாங்கினார்கள். அந்த ஓட்டையை அடைக்க 1950 ஆனது. நம் போட்டிச் சட்டம் 2002-இல் நிறைவேறியது. சிண்டிகேட்டுக்கு எதிரான பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே மாதம், இணைப்புகளைக் கண்காணிக்கும் பிரிவுகள் 2011 ஜூனில். நடுவே இரண்டு ஆண்டுகள் அந்தக் கதவு திறந்தே கிடந்தது.