சி ஷார்ப் ஜெனரிக் மெத்தடில் இன்ட்டை டபுளுக்கு காஸ்ட் செய்தால் ஏன் உடைகிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: சி ஷார்ப் நிரலில், சாதாரண இடத்தில் இன்ட் (முழு எண்) ஒன்றை டபுளுக்கு (தசம எண் வகை) காஸ்ட் செய்தால், அதாவது வேண்டிய வகையை அடைப்புக்குறிக்குள் முன்னால் எழுதினால், வேலை செய்கிறது. அதையே ஜெனரிக் மெத்தடுக்குள் (எந்த வகைக்கும் பொருந்தும்படி எழுதும் மெத்தட்) ஆப்ஜெக்டாக்கி (எதையும் வைக்கக்கூடிய பொது வகை), பிறகு கூப்பிடுபவர் தீர்மானிக்கும் டி என்ற வகைக்கு காஸ்ட் செய்தால், டி டபுளாக இருக்கும்போது இன்வாலிட்காஸ்ட்எக்செப்ஷன் என்ற பிழை வருகிறது. ஏன்?

இரண்டு இடத்திலும் எழுதுவது ஒரே அடைப்புக்குறிதான், நடப்பது வேறு. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆள், அதனால் தேயிலையை வைத்தே சொல்கிறேன். ஸ்டோரில் 'தேயிலை' என்று மட்டும் எழுதிய மூட்டை ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது பிஓபி (தேயிலைத் தூளில் ஒரு ரகம்) என்று உங்களுக்குத் தெரியும். திறந்து பார்த்து, 'ஆமாம், பிஓபிதான்' என்று எடுத்துக்கொள்வது காஸ்ட். உள்ளே இருப்பது மாறுவதில்லை. பச்சைக் கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டி, புளிக்க வைத்து, காய வைத்து, சலித்துத் தூளாக்குவது கன்வர்ஷன். சுமார் நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது, பொருளே வேறாகிவிடுகிறது. கொழுந்து மூட்டையில் பிஓபி என்று எழுதி ஒட்டினால் அது தூளாகாது.

சாதாரண இடத்தில் இரண்டு வகையும் கம்பைலருக்கு (நிரலைக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தெரியும். இன்ட்டை டபுளாக்கும் கட்டளையை அதுவே போட்டுவிடும். ஜெனரிக்கில் டி என்னவென்று அதற்குத் தெரியாது. அதனால் நேராக காஸ்ட் செய்ய விடாது, நாம் ஆப்ஜெக்ட் வழியாகச் சுற்றிப் போகிறோம். அப்போது இன்ட் ஒரு பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டியை இன்ட்டாக மட்டுமே திறக்கலாம். பெரிய முழு எண் வகையான லாங்கும் ஆகாது, டபுளும் ஆகாது. நீங்களே எழுதிய கன்வர்ஷன் ஆப்பரேட்டரும் இங்கே உதவாது, ஏனென்றால் அதைத் தேர்ந்தெடுப்பதும் கம்பைல் நேரத்தில்தான்.

ஜாவாவில் இது இன்னும் மோசம். அங்கே கம்பைல் ஆகும்போதே டி அழிக்கப்பட்டுவிடுவதால் மெத்தடுக்குள் காஸ்ட் எதையும் சோதிப்பதில்லை. பிழை வெளியே, கூப்பிட்ட இடத்தில் வெடிக்கும்.

சரி, வழி என்ன? கன்வர்ட்.சேஞ்ச்டைப் மூலம் மதிப்பை மாற்றி, கிடைக்கும் ஆப்ஜெக்டை டி-க்கு காஸ்ட் செய்யுங்கள். நல்லபிள் (மதிப்பு இல்லாமலும் இருக்கக்கூடிய) வகைகளுக்கு மட்டும் உள்ளே இருக்கும் வகையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எண்களோடு மட்டும் வேலை என்றால், சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் 7ஆம் பதிப்பிலிருந்து கிரியேட்செக்ட் என்ற மெத்தட் இருக்கிறது.

ஆனால் சேஞ்ச்டைப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒருவருக்கு நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். காஸ்ட் உடைந்தது, உங்களைப் போலவே. சேஞ்ச்டைப் போட்டேன், பிழை போய்விட்டது. மாதக் கடைசியில் ஒரு அக்கா நிறை எழுதிய தன் துண்டுகளோடு வந்து, "அரைக் கிலோ எங்க தம்பி?" என்று கேட்டார். மொத்தம் போடும் இடத்தில் நான் டி-யை இன்ட் என்று கொடுத்திருந்தேன். சேஞ்ச்டைப் சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். 19.5 என்றால் 20, ஆனால் 18.5 என்றால் 18. நேரடி காஸ்ட்டாக இருந்தால் 18.9கூட 18தான். எந்த எச்சரிக்கையும் வராது.

என் அம்மாவும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தவர். மழையில் அரைக் கிலோ சேர்க்க எவ்வளவு நேரமாகும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் இப்போதெல்லாம் என் ஜெனரிக் மெத்தடுகள் தாங்களாக மதிப்பை மாற்றுவதில்லை. எப்படி மாற்ற வேண்டும் என்பதைக் கூப்பிடுபவரே ஒரு ஃபங்ஷனாகக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ரவுண்டு செய்வதா, வெட்டுவதா, அப்படியே விடுவதா என்பதை ஒருவர் யோசித்து எழுதியாக வேண்டும். நிறையை டெசிமலாகவே (பின்னத்தையும் துல்லியமாக வைக்கும் வகை) கடைசி வரை கொண்டுபோகிறேன். அந்த மாதத்துத் துண்டுகளை அக்காவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டி, விடுபட்டதைச் சேர்த்துக் கொடுத்தோம்.