பிரியஸில் மேனுவல் கியர்பாக்ஸ் போட முடியுமா?

மேடேறும்போது இழுக்காத உங்கள் 2005 பிரியஸில் (எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டாவின் ஹைபிரிட் கார்) டொயோட்டா கொரோலாவின் மேனுவல் கியர்பாக்ஸைப் போடலாமா என்று கேட்கிறீர்கள். முடியாது. பிரியஸில் அதைப் பொருத்த வழியே இல்லை. அதில் கழற்றி மாற்றக்கூடிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரே கோள் கியர் தொகுதியில் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) கோத்திருக்கின்றன. தனி ஸ்டார்ட்டர்கூட இல்லை. அந்த மோட்டார்களில் ஒன்றுதான் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிறது. தொகுதியை எடுத்துவிட்டால் எஞ்சினே கிளம்பாது.

எஞ்சின் அலறுகிறது, வண்டி இழுக்கவில்லை என்கிறீர்கள். மேட்டில் ஓரளவு அலறல் இயல்புதான். ஆனால் முன்பு நன்றாக இழுத்த வண்டி என்றால் எனக்கு அந்த மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் பெரிய பேட்டரிமீதுதான் சந்தேகம்.

1. பின்சீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துளையைப் பாருங்கள். அதற்குப் பின்னால் உள்ள, பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறியில் முடியும் தூசியும் கம்பளிபோல் அப்பியிருக்கலாம். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

2. அப்புறம் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, மேடேறும்போது பேட்டரியின் 14 பிளாக்குகளின் (பகுதிகளின்) வோல்டேஜையும் பாருங்கள். ஒன்று மட்டும் சட்டென்று சரிந்தால் கோளாறு அங்கேதான்.

தயவுசெய்து ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாதீர்கள், அதில் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி 10 நிமிடம் பொறுத்த பிறகும், உயர் வோல்டேஜைத் தாங்கும் ரப்பர் கையுறையோடு பழகியவர்தான் கை வைக்க வேண்டும்.

கிளட்ச் மிதித்து ஓட்டும் ஹைபிரிட்தான் வேண்டுமென்றால், ஹோண்டாவின் முதல் தலைமுறை இன்சைட்டும் சிஆர்-இஸட்டும் தொழிற்சாலையிலிருந்தே மேனுவலாகவும் வந்தவை.