வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா? சபைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

"நான் இயேசுவை விசுவாசிக்கிறேன். தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், யூடியூபில் நல்ல பிரசங்கங்கள் கேட்கிறேன். சபைக்குப் போனால் மனவருத்தம்தான் மிஞ்சுகிறது. போகாமல் இருந்தால் தவறா? போதகர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 22 ஆண்டுகளாக ஒரு சிறிய சபையில் போதகராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை 80 பேர் வந்தாலே எங்கள் கூடம் நிறைந்துவிடும். அங்கே பார்த்ததையும் வேதத்தில் வாசித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அடுப்பிலிருந்து தனியே எடுத்த கரி சீக்கிரம் அணைந்துபோகும் என்ற உவமையை ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பீர்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. "சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள்" என்ற எபிரெயர் 10:25-ஐ உங்கள் முன்னால் நீட்டி மிரட்டவும் மாட்டேன். அந்த வசனத்தை வருகைப் பதிவேடு மாதிரி நாங்கள் பயன்படுத்திவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி "ஒருவரையொருவர் கவனித்து" என்று அது தொடங்குகிறது. கூடிவருவது எதற்காக என்றால், ஒருவரையொருவர் கவனிப்பதற்காக.

இந்தக் 'கவனித்து' என்ற சொல்லை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் சபையில் இருந்த ஒரு வயதான அம்மா. பல வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "பாஸ்டர், ஜன்னல் ஓரமா உக்காருவாரே அந்தத் தம்பி, மூணு வாரமா வரலையே. என்னன்னு கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. அந்தத் தம்பி வராததையே நான் கவனித்திருக்கவில்லை. முன்னால் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசுகிறவன் நான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்குத்தான் அந்தக் காலி இடம் கண்ணில் பட்டிருக்கிறது.

அன்று மாலையே அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. பிரிக்காத கடிதங்கள் மேஜையில் அடுக்காகக் கிடந்தன. "நான் வரலேன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த அம்மாகிட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லையே" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அடுத்த ஞாயிறே அவர் வந்துவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். அதுவரை வாரம் தவறாமல் அந்த அம்மா அவருக்குப் போன் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நீங்கள் கேட்கும் யூடியூப் பிரசங்கங்கள் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கலாம். நானும் கேட்கிறேன், கற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மூன்று வாரம் கேட்காமல் விட்டால் அந்தப் பிரசங்கியாருக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கிபி 155-ஐ ஒட்டி, யுஸ்தின் என்ற விசுவாசி ரோமப் பேரரசன் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். யுஸ்தின் பிற்பாடு இரத்தசாட்சியாக மரித்தவர். கிறிஸ்தவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு அதில் விளக்கம் சொல்கிறார். ஞாயிறு அன்று பட்டணத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலர் எழுதியவற்றையோ தீர்க்கதரிசிகள் எழுதியவற்றையோ நேரம் இருக்கும்வரை வாசிக்கிறார்கள். தலைமை தாங்குபவர் புத்தி சொல்கிறார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள். அப்பத்தையும் திராட்சரசத்தையும் பகிர்கிறார்கள். ஏறக்குறைய நாம் இன்றும் செய்வதுதான். அதன்பின் எழுதியிருப்பதுதான் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்துகிறது. வர முடியாமல் போனவர்களுக்கு அவர்களுடைய பங்கை உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்கிறார். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுக்கும் காணிக்கை அநாதைகளுக்கும், விதவைகளுக்கும், நோயாளிகளுக்கும், சிறையில் இருப்பவர்களுக்கும், அந்நியர்களுக்கும் போகிறது.

வராதவர் யார் என்று தெரிந்தால்தானே அவர் பங்கை எடுத்து வைக்க முடியும்? படுக்கையில் இருப்பவர்களுக்கும், கைக்குழந்தையோடு வெளியே வர முடியாதவர்களுக்கும் நேரலை ஆராதனை பெரிய கொடை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் சபையும் ஒளிபரப்புகிறது. ஆனால் ஒளிபரப்பினால் கடமை முடிந்தது என்று நாங்கள் இருந்துவிட்டால், அவர்கள் பங்கை யாரும் கொண்டுபோகவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, உங்கள் கேள்வியின் கனமான பகுதிக்கு வருகிறேன். "மனவருத்தம்தான் மிஞ்சுகிறது" என்கிறீர்கள். என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆதிச் சபை அன்பு மயமாக இருந்தது, இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்திக்கே வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (அதாவது, குடித்து மயங்கியிருக்கிறான்) என்று அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்கு வேதனையோடு எழுதுகிறார். அவ்வளவு கடிந்துகொண்ட பிறகு, இனிமேல் கூடாதீர்கள், அவரவர் வீட்டில் தேவனைத் தேடுங்கள் என்று அவர் முடித்திருக்கலாம். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று முடிக்கிறார். வேலை முடிந்து தாமதமாக வருகிற ஏழைக்காக, பசியோடு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. எனக்குத் தெரிந்து சபை வாழ்க்கையில் இதைவிடக் கடினமான பாடம் இல்லை.

பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தையும் எடுத்து வாசியுங்கள். 25 வசனம்தான், ஐந்து நிமிஷம் ஆகும். பிலேமோனை விட்டுப் பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையைத் திரும்ப அனுப்பும்போது, அவனை அடிமையாக அல்ல, "பிரியமுள்ள சகோதரனாக" ஏற்றுக்கொள்ளும்படி பவுல் கேட்கிறார். இதைவிட அந்தரங்கமான விஷயம் வேறென்ன இருக்கிறது? ஆனால் நிருபத்தின் தொடக்கத்தில் யார் யாருக்கு என்று பாருங்கள். பிலேமோனுக்கு, அப்பியாளுக்கு, அர்க்கிப்புவுக்கு, அதோடு "உம்முடைய வீட்டிலே கூடிவருகிற சபைக்கும்". மன்னிப்பாரா மாட்டாரா என்பது பிலேமோனின் சொந்த விவகாரமாக விடப்படவில்லை. அடுத்த முறை அந்த வீட்டில் கூடும்போது ஒநேசிமு எங்கே உட்காருகிறான் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். மன்னிப்பைப் பற்றி நான் தனியறையில் தியானிக்கும்போது அது சுலபமாகத்தான் இருக்கிறது. என்னைக் குறை சொன்னவருக்குத் திருவிருந்தில் என் கையாலேயே அப்பத்தைக் கொடுக்கும்போதுதான், நான் மன்னித்திருக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரிகிறது.

இதையெல்லாம் சொல்வதால், எந்தச் சபையானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காணிக்கைக் கணக்கைக் கேட்டால் கோபப்படுகிற இடம், கேள்வி கேட்பதைக் கலகம் என்கிற இடம், ஒருவர் பெண்களிடமோ பிள்ளைகளிடமோ தப்பாக நடந்ததை 'சாட்சி கெட்டுவிடும்' என்று மூடி மறைக்கிற இடம் என்றால், கிளம்புங்கள். தயங்க வேண்டாம். நடந்தது குற்றம் என்றால் காவல்துறையிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் குறைசொல்லாதே' என்று யாராவது வாயை அடைத்தால், அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகமுகமாக எதிர்த்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள் (கலாத்தியர் 2:11). மன்னிப்பது வேறு, அதே இடத்துக்குத் திரும்பிப் போவது வேறு.

ஆனால் ஒரு சபையை விட்டு வருவதும், சபை என்பதையே விட்டுவிடுவதும் ஒன்றல்ல. ஆறப்போட நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சின்னதாக ஓரிடம் தேடுங்கள். பாட்டும் ஒலிபெருக்கியும் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், ஆராதனை முடிந்ததும் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தனியாக நிற்கும் ஒருவரிடம் யாராவது போய்ப் பேசுகிறார்களா? போதகரிடம் ஒருவர் மறுத்துப் பேச முடிகிறதா? எனக்கு இந்த இரண்டும் போதும்.

நான் ஏன் சபையை விடமாட்டேன் என்று கேட்டால், இதுவரை எழுதிய எந்த வசனமும் எனக்கு முதலில் ஞாபகம் வராது. என் அப்பாவை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறுதான் ஞாபகம் வரும். வேறு யாரையாவது நடத்தச் சொல்லியிருக்கலாம். பிடிவாதமாக நானே நின்றேன். பிரசங்கம்கூடச் சமாளித்துவிட்டேன். கர்த்தருடைய ஜெபம் வந்தது. "உம்முடைய சித்தம்" வரைக்கும் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தச் சித்தத்தை அன்றைக்கு என்னால் வேண்டிக்கொள்ள முடியவில்லை. நான் நிறுத்தியதும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். யாரும் நிறுத்தவில்லை. "பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்று அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் எல்லோருக்கும் ஒரு வார்த்தை பிந்தி, சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை. எங்கள் கடன்களை. எங்களுக்கு மன்னியும். அத்தனை வருஷம் நான் நடத்திய ஜெபத்தில் 'என்' என்ற சொல் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது. "ஆமென்" வந்தபோது அவர்களோடு சேர்ந்து நானும் அதைச் சொன்னேன்.