கேளுங்கள், சொல்கிறோம்: உப்புத் தண்ணீர்த் தொட்டி

கேள்வி: கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் குறையும்போதெல்லாம் தரங்கம்பாடியிலிருந்து பித்தளைக் குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறேன். மீன்கள் நன்றாக இருக்கின்றன, இறாலும் துறவி நண்டும் மட்டும் செத்துப்போகின்றன. ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதல் சந்தேகம் அந்தக் குடத்தின் மேல்தான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, உப்புத் தண்ணீர் பட்டால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். மீன்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும், முதுகெலும்பில்லாதவை தாங்காது. வேடிக்கை என்னவென்றால் இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு உள்ள ஒரு புரதம்தான், ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினாலே அதற்கு விஷம். மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குக் கடைகளில் கிடைக்கும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு, லேபிளைப் படிக்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள். இதுவரை இறங்கிய செம்பு கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், மெல்ல மெல்லத் திரும்பக் கசியும், அதனால் தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, செம்பு டெஸ்ட் கிட்டில் பார்த்த பிறகே அடுத்த இறாலை வாங்குங்கள். குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கேன் போதும்.

இன்னொன்று. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. அதன் மேல் மறுபடி கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் என்பது பழைய தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025 பக்கம் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகளில் வெள்ளம் வந்து கலக்கும்போது முகத்துவாரத்துப் பக்கம் கடலே உப்புக் குறைந்து கலங்கலாக இருக்கும், அப்போது மொண்டு வராதீர்கள்.

கேள்வி: போர் தண்ணீரில் உப்புப் பொடி கலந்து ஊற்றலாமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: வேண்டாம். வயலுக்குப் போடும் உரத்திலிருந்து நைட்ரேட் இறங்கியிருக்கலாம், அப்படியென்றால் தொட்டி முழுக்கப் பாசிதான். வீட்டு ஆர்.ஓ. மெஷினிலும் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பார்கள், அதற்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து பிடிக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: வலையில் சிக்கி வரும் பவளத் துண்டைத் தொட்டியில் வைக்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கூடாது, உயிருள்ளதும் கூடாது, செத்த எலும்புக்கூடும் கூடாது. திட்டுகளைக் கட்டும் பவளங்களும் கடல் விசிறியும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலி இருக்கிற அதே அட்டவணை. கடல் அட்டையும் அப்படித்தான். "மன்னார் வளைகுடா அயிட்டம்" என்று யாராவது ரகசியமாக விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், நம் சித்திரை வெயிலில் பவளம் வளர்ப்பதே பெரும்பாடு. தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால் பவளம் தன் உடம்புக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும், அந்தப் பாசிதான் அதற்குச் சோறு போடுவது. தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கடலோரப் புழுக்கத்தில் அதுவும் குறைவு. செராமிக் கல் வைத்து, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் விட்டு, துறவி நண்டோடு ஆரம்பியுங்கள். வளர வளர மாற்றிக்கொள்ளப் பெரிய காலிச் சங்குகளும் போட்டு வையுங்கள், இல்லையென்றால் ஒன்றின் வீட்டை இன்னொன்று பறிக்கும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரே ஒரு இறால்தான் வாங்கினேன். காலையில் ஒன்று செத்துக் கிடக்கிறது, ஒன்று கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது!
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: கிடப்பது சட்டை, ஒளிந்திருப்பது உங்கள் இறால். புது ஓடு கெட்டியாகும் வரை வெளியே வராது, தொந்தரவு செய்யாதீர்கள்.