ரூயியு: முடிச்சு மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு ஃபின்லாந்தின் தூர்க்கு நகரில் வசித்து வருகிறேன். இங்கே மாலை நேரக் கைவினை வகுப்பு ஒன்றில் ரூயியு செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஸ்வீடனில் ரியா என்று சொல்கிறார்களே, நீண்ட கம்பளிக் குஞ்சங்கள் கொண்ட அந்த விரிப்புதான் இது. முன்பே நெய்து வைத்த அடித்துணி, கட்டம் போட்ட மாதிரித்தாள், சாயமேற்றிய கம்பளி நூல் ஆகிய மூன்றையும் ஒரே பொட்டலமாகத் தந்துவிடுகிறார்கள். ஊசியில் நூலைக் கோத்து, வரிசை வரிசையாக முடிச்சிட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் இருக்கும் மூதாட்டி என் வேலையைப் பார்த்துவிட்டு, "ரூயியு என்பது தறியில் நெய்வது. உன்னுடையது பொட்டல வேலை" என்றார். எனக்குச் சற்று வருத்தமாகிவிட்டது. மறைந்துபோன கைவினை ஒன்றை மீட்கிறோம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். போர்வையாக யாருமே பயன்படுத்தாத ஒன்றைப் பொட்டலத்திலிருந்து செய்து சுவரில் மாட்டுவதை மீட்பு என்று சொல்லலாமா? பழையவை பழம்பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது, புதிதாகச் செய்வதில் என்ன பொருள் இருக்கிறது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

அந்த மூதாட்டி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது அவர் சுட்டிக்காட்டிய இடத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

தறியில் நெய்யும் முறையை முதலில் பார்ப்போம். ஊடையை, அதாவது குறுக்கிழையை, பல முறை ஓட்டி ஓரிரு விரற்கடை அளவுக்கு வெற்றுத்துணி நெய்த பிறகு, ஒரு வரிசை முழுக்கக் குஞ்சங்களை முடிச்சிடுவார்கள். நூல், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவிழைகளில் இரண்டின் மேல் படிந்து, அதன் இரு முனைகளும் அவ்விரண்டு இழைகளுக்கும் நடுவே கீழ்நோக்கி வெளிவரும். துருக்கிக் கம்பளங்களில் காணப்படுவதும் இதே முடிச்சுதான். ஆனால் அங்கே முடிச்சுகள் நெருக்கியடித்து நிற்கும். குஞ்சமோ குட்டையாகக் கத்தரிக்கப்பட்டிருக்கும். இங்கே வரிசைகளுக்கு நடுவில் தாராளமாக இடைவெளி விட்டு, குஞ்சத்தை ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு விடுவதால், ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ள வரிசையின் மேல் ஓலைக்கூரை வேய்ந்ததுபோலப் படுத்துக்கொள்கிறது. ஊசியால் நீங்கள் இடுவதும் இதே முடிச்சுதான்; அதற்கெனப் பாவிழைகள் வெளியே தெரியும்படி வரிசைகள் விட்டு நெய்த துணியில் இடுகிறீர்கள். தறியில் முடிச்சின் மேல் அடுத்த ஊடையை இறுக்கி அடிப்பதால் பிடிப்பு கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். சுவரில் மாட்டிய பிறகு முன்பக்கத்தை மட்டும் பார்த்து எது தறி, எது ஊசி என்று சொல்வது பழகிய கண்ணுக்கும் கடினம்.

"போர்வையாக யாருமே பயன்படுத்தாத ஒன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பொருளின் வரலாறு நெடுகிலும் பயன் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. வட அட்லாண்டிக் கரைகளில் குஞ்சம் வைத்த கம்பளி நெசவு வைக்கிங் காலத்திலேயே இருந்தது. ஐஸ்லாந்தில் அப்படி நெய்த மேலாடைகள் பண்டமாற்றுப் பொருளாகவே புழங்கின. பத்தாம் நூற்றாண்டின் நார்வே மன்னன் ஹரால்டு 'சாம்பல் மேலாடை' என்ற பட்டப்பெயர் பெற்ற கதையை 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதி வைத்திருக்கிறார். ஐஸ்லாந்து வணிகர்கள் கப்பல் நிறைய இந்த மேலாடைகளை ஏற்றிக்கொண்டு நார்வேயின் ஹார்டாங்கருக்கு வருகிறார்கள், சரக்கு விற்கவில்லை. கப்பல் தலைவன் மன்னனிடம் முறையிட, அவன் தனக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி அங்கேயே போர்த்திக்கொள்கிறான். உடனே அவனுடைய ஆட்கள் ஆளுக்கொன்று வாங்குகிறார்கள். சில நாட்களில் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூடச் சரக்கு போதவில்லை. விளம்பர நடிகர்களுக்கு மன்னர்கள்தான் முன்னோடிகள் போலும்.

ரியா போர்வையாக ஏட்டில் இடம்பெறுவது 15-ஆம் நூற்றாண்டில், ஸ்வீடனின் வாட்ஸ்டெனா கன்னியர் மடத்துப் படுக்கை விதிகளில். அன்று அது சுவருக்கான அலங்காரப் பொருள் அல்ல. குஞ்சம் உடலைத் தொடுமாறு உட்புறமாகத் திருப்பி, வெற்றுப்பக்கம் மேலே தெரியப் போர்த்திக்கொள்வார்கள். மீனவர்களுக்கு ஆட்டுத்தோலைவிட இது உகந்ததாக இருந்ததற்குக் காரணம் எளியது: தோல் உப்புநீரில் நனைந்தால் விறைத்துப்போகும், காய்வதற்கு நாளாகும், கம்பளியோ நனைந்த நிலையிலும் சூடு தரும், அதை அலசி உலர்த்திவிடலாம். நார்வேயில் இதற்குப் படகு ரியா என்றே பெயர். 16-ஆம் நூற்றாண்டில் கோட்டைகளின் உடைமைப் பட்டியல்களில் ரூயியு இடம்பெறுகிறது. பின்னர் மேட்டுக்குடியினர் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைப் போர்வைகளுக்கு மாறினார்கள். ரூயியு குடியானவர் வீடுகளுக்கு இறங்கி வந்தது. அங்கே அது மறுபிறவி எடுத்தது என்றே சொல்ல வேண்டும். குஞ்சம் மேல்பக்கத்துக்கு வந்தது. துலிப் மலரும் வாழ்வு மரமும் மணமக்கள் உருவமும் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் ஏறின. மணமக்கள் அதன் மேல் நின்று திருமணம் செய்துகொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆலைத் துணி பெருகியபோது, அதே ரூயியு பனிச்சறுக்கு வண்டியில் காலுக்குப் போர்த்தும் துணியாகி, கடைசியில் தரைக்கும் வந்துவிட்டது.

மீட்பு முயற்சிகள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன, அவையும் பல. ஓவியர் ஃபான்னி சூர்பெரியின் முயற்சியால் 1879-இல் ஹெல்சிங்கியில் ஃபின்லாந்துக் கைவினை நண்பர்கள் சங்கம் தோன்றியது. ஸ்வீடனில் இதே வகைச் சங்கம் ஒன்று 1874-லேயே தொடங்கியிருந்தது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில், அப்போது ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஃபின்லாந்து தனக்கென ஓர் அரங்கம் அமைத்தது. அதற்காக ஓவியர் அக்ஸெலி கால்லென்-கால்லெலா வரைந்து கொடுத்த 'லியெக்கி', அதாவது தீக்கொழுந்து, என்னும் ரூயியுவைத்தான் இன்று மீட்பின் சின்னமாகக் காட்டுகிறார்கள். அது போர்வையும் அல்ல, பழைய மாதிரி ஒன்றின் நகலும் அல்ல. இருக்கைப் பலகையின் மேல் விரிப்பதற்காகப் புதிதாக வரையப்பட்டது. பழைய ரூயியுக்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்த சிரெலியுஸின் பெருநூல் வந்ததோ 1924-இல். மரபு முறையாக ஆராயப்படுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அதன் மீட்புச் சின்னம் பிறந்துவிட்டது!

உங்கள் பொட்டலத்துக்கும் இந்த வரலாற்றில் மரியாதையான இடம் உண்டு. 1951-இல் இத்தாலியின் மிலான் திரியென்னாலே என்னும் வடிவமைப்புக் கண்காட்சியில் ஃபின்லாந்து நெசவுக் கலைஞர் ஈவா ப்ரும்மெர் போன்றவர்களின் ரூயியுக்கள் பரிசு பெற்று உலகின் கவனத்தை ஈர்த்தன. ப்ரும்மெர் குஞ்சங்களின் நீளத்தை இடத்துக்கு இடம் மாற்றி, விரிப்பின் பரப்பிலேயே மேடு பள்ளம் உண்டாக்கியவர். அந்தப் பத்தாண்டுகளில் கலைஞர்களின் வடிவங்கள் அடித்துணியோடும் நூலோடும் பொட்டலமாக விற்கப்பட்டன. தறி இல்லாத வீடுகளிலும் பெண்கள் தங்கள் கையால் முடிச்சிட்டு மாட்டினார்கள். தறியோடு மட்டும் கட்டி வைத்திருந்தால், நகர வீடுகளுக்குள் ரூயியு இந்த அளவுக்கு நுழைந்திருக்காது. ஆகவே பொட்டல வேலை என்பதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

மூதாட்டியின் பேச்சில் பாதி உண்மை என்று நான் சொன்னது, பொட்டலத்துக்குள் இருக்கும் நூலைப் பற்றியது. முடிச்சை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். அது எந்தக் காலத்திலும் அழிந்துவிடவில்லை. இற்றுப்போனது ஆட்டிலிருந்து நூல் வரையிலான சங்கிலி. வட ஐரோப்பாவின் பழைய குட்டைவால் ஆடுகளுக்கு இரண்டு அடுக்கு மயிர் உண்டு. மேலடுக்கு நீளமானது, சுருளற்றது, பளபளப்பானது, நீரை வழியவிடுவது; கீழடுக்கு குட்டையானது, மென்மையானது. இரண்டையும் பிரித்து, மேல்மயிரைச் சீவி நேராக்கி நூற்ற நூலில்தான் பழைய ரியாவின் குஞ்சம் படிந்து கிடக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும். இறைச்சிக்காகவும் எடைக்காகவும் பிரித்தானிய இனங்களோடு கலந்து வளர்த்த ஆடுகளின் மயிர் சுருள் மிகுந்தது. அதில் குஞ்சம் வைத்தால் விறைத்து எழுந்து நிற்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ரியா ஆடு கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. கைவினை இயக்கத்தினர் தேடிப் போய்த்தான் டாலர்னா வட்டாரத்தில் எஞ்சியிருந்த ஆடுகளை மீட்டார்கள். நார்வேயின் ஸ்பெல் ஆட்டைக் காப்பதற்கு 1912-இல் அரசே இனப்பெருக்கப் பண்ணைகள் அமைக்க வேண்டியிருந்தது. ஃபின்லாந்தில் கைனூ சாம்பல்நிற ஆட்டினம் இன்று தழைத்திருப்பதில் பெல்ஸோ சிறைச்சாலைக்குப் பெரும் பங்கு உண்டு. 1980-களிலிருந்து அங்கே கைதிகள்தாம் அந்த மந்தையைப் பராமரித்து வந்தார்கள். கைவினை வரலாற்றில் இப்படி ஓர் அத்தியாயத்தை யாரும் கற்பனையில்கூட எழுதியிருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு, இன்றும் வட ஐரோப்பிய நாடுகளில் கத்தரித்த ஆட்டுமயிரில் கணிசமான பகுதி வாங்க ஆளின்றி வீணாகிறது. அதே கடைத்தெருவில் வெளிநாட்டுக் கம்பளி நூல் விற்பனைக்கு இருக்கிறது. மயிரைத் தரம் பிரிக்கவும், கழுவவும், சிறு அளவில் நூற்கவும் ஆலைகள் குறைவாக இருப்பதுதான் முதன்மையான காரணம். மீட்பு என்ற சொல்லை நான் யாருக்காவது தாராளமாக வழங்குவேன் என்றால், இந்த இடத்தில் உழைப்பவர்களுக்குத்தான் வழங்குவேன். வட நார்வேயின் மான்டாலன் பள்ளத்தாக்கில் கடற்கரைச் 'சாமி' பழங்குடி மக்கள், பாவிழைகளின் அடியில் கற்களைக் கட்டித் தொங்கவிடும் பழைய நிமிர்தறியில் 'கிரெனெ' என்னும் போர்வைகளை இடைவிடாமல் நெய்து வந்திருக்கிறார்கள். அதில் குஞ்சம் கிடையாது என்றாலும், படகிலும் படுக்கையிலும் ரியாவோடு ஒன்றாகப் புழங்கியது அது. ஆய்வாளர் மார்தா ஹோஃப்மன் அவர்களிடம் சென்று பதிவு செய்த நுணுக்கங்கள்தாம் இன்றைக்கு அந்தத் தறியைக் கற்க விரும்புவோருக்கு அடிப்படை. அங்கே ஆடும் நூலும் தறியும் ஒரே ஊரில் இருந்தன. அதனால் யாரும் வந்து மீட்க வேண்டிய நிலை வரவில்லை.

இனி, பழையது மலிவாகக் கிடைக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிச்சுக்கு முடிச்சு ஒரு சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் 5,000 முடிச்சுகள். முடிச்சுக்கு அரை நிமிடம் என்றாலும் 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முடிச்சு ஒன்றுக்கு 12 சென்டிமீட்டர் நூல் மூன்று இழையாகப் போனால் 1,800 மீட்டர் நூல் வேண்டும். ஒருவர் மூடிப் படுக்கும் அளவு என்றால் எல்லாம் மூன்று மடங்கு. இந்த உழைப்புக்கு ஃபின்லாந்துக் கூலியைப் போட்டால், வரும் விலையைக் கொடுத்து வாங்குபவர்கள் மிகச் சிலரே. எனவே இது பிழைப்புத் தொழிலாக மீளும் என்று நான் நம்பவில்லை; அப்படிச் சொல்லி நிதி கேட்பவர்களையும் நம்புவதில்லை. பழையதை வாங்குவதும் நல்ல காரியமே. பேராசிரியர் துவோமாஸ் சோபனென் அப்படி ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த நூற்றுக்கணக்கான ரூயியுக்கள் இன்று கண்காட்சிகளில் வைக்கப்படுகின்றன. ஆனால் வாங்குவதால் உங்கள் விரல்கள் எதையும் கற்காது. ஒரே நிறம்போலத் தோன்றும் இடத்தில் ஊசிக்குள் மூன்று வேறு சாயல் இழைகள் இருப்பதும், அவற்றில் ஒன்றை மாற்றினால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது அந்தச் சிவப்பே வேறாகிவிடுவதும், ஊசி பிடித்தவருக்குத்தான் தெரியும்.

கையிலுள்ள பொட்டலத்தை முழுமையாக முடியுங்கள். அடுத்ததாக, உள்நாட்டு ஆட்டின் நீளமயிரில் நூற்ற நூல் எங்கே கிடைக்கும் என்று வகுப்பில் கேளுங்கள். கிடைத்தால் சிறிது வாங்கி, இப்போதைய நூலும் அதுவுமாக, ஒரே அடித்துணியில் பக்கம் பக்கமாக இரண்டு கையகல மாதிரிகளை முடிச்சிட்டுப் பாருங்கள். வகுப்பில் தறி இருந்தால், முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் அடித்துணியை நீங்களே நெய்யக் கேளுங்கள். அந்த மாதிரிகளை மேல்தளத்து மூதாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் வீட்டில் பழைய ரூயியு இருக்குமானால், குஞ்சத்தை விலக்கி அடித்துணியின் இழை ஆளிநாரா கம்பளியா என்பதையும், வரிசைகளுக்கிடையே எத்தனை ஊடை ஓடியிருக்கிறது என்பதையும் எண்ணிக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.